நாலாவது கேள்வி

என் மனைவிக்கு ஊர் உலகமெல்லாம் விசிறிகள். எனக்கு ஓர் இஸ்திரிப்பெட்டி. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்வதாக நீங்கள் நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதி பெருமை. ஆனால் அந்தப் பெருமையை அவள் முன்னால் காட்டிவிட்டால் அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியாது என்பதால் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

எங்களுடையது சலவைக் கடை. முன்னால் ஒரு மேசை. அதற்குப் பின்னால் என் இஸ்திரிப் பலகை. தலைக்கு மேலே கம்பியில் சீட்டுக் குத்திய கோட்டுகள் தொங்கும். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் இரண்டு சலவை இயந்திரங்கள், ஓர் உலர்த்தி, ஜன்னலோரம் ஒரு கல்தொட்டி. அந்தக் கல்தொட்டி என் மனைவியின் ராஜ்ஜியம். கறை பட்ட துணி எதுவாக இருந்தாலும் அங்கேதான் போகும். முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு நகத்தால் லேசாகச் சுரண்டுவாள். அதற்கப்புறம் துணியைக் கொண்டுவந்தவரை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை. என்ன கொட்டியது, எப்போது கொட்டியது, நீங்களாக ஏதாவது வைத்தியம் பார்த்தீர்களா, உண்மையைச் சொல்லுங்கள். பின்னால் வரிசை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். இவள் விடமாட்டாள்.

மச்சான், அதாவது அவளுடைய தம்பி, செல்போன் பழுதுபார்க்கிறவன். அவன்தான் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, ஒவ்வொருத்தர்கிட்டயும் தொண்டை வத்தக் கத்தறதுக்கு எல்லாத்தையும் ஒரு பிளாக்ல எழுதிப் போடேன். ஊருக்கே ஒரே தடவையில சொன்ன மாதிரி ஆயிடும். மாமாவுக்கும் கொஞ்சம் நிம்மதி."

அவனே ஒன்றைத் திறந்தும் கொடுத்தான். 'கறை போகும்' என்று பெயர் வைத்தாள். வலைப்பூ என்கிறார்கள். பூவும் இல்லை, காயும் இல்லை, ஆரம்பத்தில் வாசகர்களும் இல்லை. அவள் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவாள். அதை அவள் படிப்பாள், மச்சான் படிப்பான், படித்தேன் என்று நான் பொய் சொல்வேன்.

கூட்டம் சேர்க்க மச்சானிடம் நிறைய யோசனைகள் இருந்தன. தலைப்பில் 'அதிர்ச்சி' என்று போடு, தினமும் மூன்று தடவை எழுது, பெரிய பிளாக்காரர்களைப் போய்ப் பாராட்டிவிட்டு வா, இப்படி. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றையும் செய்யவில்லை. கடையில் என்ன செய்தாளோ அதையே அங்கேயும் செய்தாள். கறை பற்றிக் கேட்க வருகிறவர்கள் நான்கு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். என்ன துணி? என்ன கறை? எவ்வளவு நாள் ஆச்சு? யார் போட்டுக்கிறது? நான்கில் ஒன்று விட்டுப் போனாலும் வாயைத் திறக்கமாட்டாள்.

"யார் போட்டுக்கிறதுங்கறதுக்கும் கறைக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றான் மச்சான்.

"ஏன்டா, தரை துடைக்கப் போற துணியும் நாளைக்கு வேலை கேட்டுப் போறவன் சட்டையும் ஒண்ணா? குழந்தை வாயில வச்சு சப்பற துணியில நான் கண்ட மருந்தையும் போடச் சொல்ல முடியுமா? ஆள் தெரியாம துணியத் தொடமாட்டேன்."

அவனுடைய யோசனைகள் எதுவும் கொண்டுவராத கூட்டத்தை அந்த நாலாவது கேள்விதான் கொண்டுவந்தது. காபி கொட்டிய கதை கேட்டால் ஜனங்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். 'என் மகன் போட்டுக்கிறது, முதல் வேலை, முதல் நாளே மேலாளர் முன்னாடி கொட்டிக்கிட்டான்' என்று ஓர் அம்மா எழுதுவாள். இவள் கறைக்கு வழி சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து நினைவாக 'மகன் எப்படி இருக்கான், மேலாளர் முறைக்கிறாரா?' என்று கேட்பாள். அதோடு அந்த அம்மா ஆயுசுக்கும் எங்கள் வாசகி. பட்டுத் துணியை வெந்நீரில் போட்டேன் என்று யாராவது எழுதினால், 'முதல்ல உங்க ரெண்டு கையையும் கட்டி வைக்கணும்' என்பாள். திட்டு வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டு போகாமல் திட்டு வாங்கிக்கொள்ள இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இது புரியவே இல்லை. வீட்டில் அதே திட்டு எனக்கு இலவசமாகக் கிடைக்கிறது, நான் யாரையும் கூட்டிவந்ததில்லை.

வாசகர்களுக்கு அவள் கறையை வைத்தே பெயர் வைத்தாள். மை வாத்தியார், துரு அண்ணன், புதிதாகக் கல்யாணமாகித் தப்பான காலரோடு மாட்டிக்கொண்ட லிப்ஸ்டிக் மாப்பிள்ளை. அவர்களும் அப்பா அம்மா வைத்த பெயரை மறந்துவிட்டு இதையே கையெழுத்தாகப் போட்டுக்கொண்டார்கள்.

அவர்களில் மூத்தவர் கிரீஸ் அக்கா. முதன்முதலில் எங்களைத் தவிர வெளியாள் என்று வந்து கேள்வி கேட்டது அவர்தான். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம்.

'துணி: காட்டன் சட்டை, நீலம். கறை: கிரீஸ். எவ்வளவு நாள்: தினமும். யார் போட்டுக்கிறது: என் வீட்டுக்காரர். மெக்கானிக். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே என்கூடக் குடித்தனம் பண்றவர்.'

என் மனைவி கல்தொட்டிப் பக்கத்திலிருந்து சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்த ஆள் பயந்துபோனார். பாத்திரம் கழுவும் சோப்பை ஈரம் படாமல் தேய்த்து ஊறவையுங்கள், வெந்நீர் பிறகுதான் என்று பதில் எழுதினாள். மறுநாளே 'போயே போச்சு தங்கச்சி' என்று அக்காவிடமிருந்து வந்தது.

அன்றிலிருந்து காலையில் நாங்கள் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே கிரீஸ் அக்கா அங்கே வந்திருப்பார். புதிதாக யாராவது அரைகுறையாகக் கேள்வி போட்டிருந்தால், 'வாங்க, உக்காருங்க, நாலுக்கும் பதில் எழுதுங்க, இல்லேன்னா தங்கச்சி திரும்பிக்கூடப் பாக்கமாட்டா' என்று வரவேற்று வைத்திருப்பார். அவர் வீட்டுக்காரர் இன்றைக்கு எந்த லாரிக்கு அடியில் படுத்திருக்கிறார் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை இவள் தன் விரல்களெல்லாம் சலவை மருந்தில் தோல் உரிந்து எரிகிறது என்று போகிறபோக்கில் எழுதினாள். அந்த வாரக் கடைசியில் தபாலில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே துணி உறை தைத்த நல்ல ரப்பர் கையுறைகள் இரண்டு ஜோடி. கட்டிக்கொண்டவன் நான் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெட்டியை அவள் எறிய மனமில்லாமல் உதிரிப் பித்தான்கள் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கூட்டம் பெருகியது. கேள்விகள் மலைபோல் வந்தன. கடை வேலைக்கும் இதற்கும் நடுவில் அவள் பறந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் கிரீஸ் அக்காவிடமிருந்து ரொம்ப நாள் கழித்து ஒரு கேள்வி வந்தது.

'துணி: காட்டன் சட்டை, நீலம். கறை: பூஞ்சைப் புள்ளி. துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வச்சிருந்தேன், அதனால வந்தது. எவ்வளவு நாள்: சில மாசம். யார் போட்டுக்கிறது: இப்போ யாரும் போட்டுக்கிறதில்லை.'

அவளுக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. ஆனால் இதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்தும் முதல் மாணவியே இப்படிச் செய்தால் விடுவாளா?

'கிரீஸ் அக்காவே இப்படிப் பண்ணினா மத்தவங்கள நான் என்ன சொல்றது!' என்று ஆரம்பித்தாள். 'அழுக்குச் சட்டைய யாராவது பையில போட்டு மூடி வைப்பாங்களா? ஊறுகாயா போடறீங்க? அப்படி என்ன சோம்பேறித்தனம்? யாரும் போட்டுக்கிறதில்லையாமே, ஏன், மாமாவுக்குத் தொப்பை விழுந்து பித்தான் பூட்ட முடியலையா?' அதற்குக் கீழே வைத்தியம். வெளியே கொண்டுபோய்ப் பிரஷ்ஷால் தட்டுங்கள், வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள், நல்ல வெந்நீரில் துவையுங்கள், உள்ளும் புறமுமாக வெயிலில் போடுங்கள். 'வாடையே இல்லாம போற வரைக்கும் விடாதீங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை துவைங்க.'

போதாததற்கு என்னைக் கூப்பிட்டு, சின்னதாகிப்போன என் பழைய சட்டையைப் போடச் சொல்லி, பித்தான்கள் தெறிக்கிற மாதிரி தொப்பையை முன்னால் தள்ளச் சொல்லிப் படம் எடுத்தாள். நானும் மூச்சை இழுத்து நன்றாகவே தள்ளினேன். அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்ததும் பகிர்ந்ததும் அதைத்தான். மை வாத்தியார் சிரித்தார், துரு அண்ணன் சிரித்தார், லிப்ஸ்டிக் மாப்பிள்ளை அக்காவின் வீட்டுக்காரருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தான். எல்லோருக்கும் நடுவில் கிரீஸ் அக்காவின் பதில் ஒரே வரி.

'சரி தங்கச்சி. நீ சொன்னா சரி. நாளைக்கே செஞ்சிடறேன்.'

அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. காலையில் புதியவர்களை வரவேற்க ஆளில்லை.

"கோவிச்சுக்கிட்டாங்களோ?" என்றாள் என் மனைவி.

"நீ திட்டினா யாருதான் கோவிச்சுக்கிட்டாங்க? ஏதாவது ஊருக்குப் போயிருப்பாங்க" என்றேன்.

மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. 'கறை போகும்' தொடங்கி இன்னொரு வருடம் நிறையப் போகிறது என்று மச்சான் வந்தான். முதல் வாசகிக்கு ஒரு மரியாதை செய்யலாம், கிரீஸ் அக்கா கேட்ட கேள்விகளையெல்லாம் தேடி எடுத்து வரிசையாக ஒரே பக்கத்தில் போட்டுக் கொண்டாடலாம், கோபமாக இருந்தாலும் அதைப் பார்த்து வந்துவிடுவார் என்றான். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. மத்தியான வேளை, கடையில் கூட்டமில்லை. தொட்டி ஓரத்து முக்காலியில் உட்கார்ந்து போனில் பின்னோக்கித் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கறுப்புக் கோட்டுக்கு நீராவி காட்டிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"ஏங்க, பெட்டிய வச்சுட்டு இங்க வாங்க" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

போனை என்னிடம் நீட்டினாள். படித்தேன். முதலில் எல்லாம் கிரீஸ், டீசல், மறுபடி கிரீஸ். நீலச் சட்டை, காக்கிக் கால்சட்டை. பிறகு ஒரு போர்வையில் இருமல் மருந்து. 'யார் போட்டுக்கிறது: அவர்தான்.' இவள் பதில்: 'மருந்த அவருக்குக் குடுக்கணும், போர்வைக்கு இல்ல.' அடுத்தது சட்டைக் கையில் பிளாஸ்திரி ஒட்டிய பசை. அவர்தான். எண்ணெய் தடவித் தேய்க்கச் சொல்லியிருக்கிறாள். அடுத்தது தலையணை உறையில் ரத்தம். அவர்தான். பச்சைத் தண்ணீர் மட்டும், வெந்நீர் கூடவே கூடாது. அடுத்தது மெத்தையில் மூத்திர வாடை. அவர்தான். சோடா மாவு தூவி வையுங்கள். அதற்கப்புறம் பூஞ்சை. இப்போ யாரும் போட்டுக்கிறதில்லை.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் மற்றவர்களுடைய கேள்விகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அதனால் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. இப்போது வரிசையாக ஒட்டிப் பார்த்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் விளங்கும். கிரீஸ் ஒருநாளோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு துளி கிரீஸ்கூட இல்லை. அந்த மனிதர் அதற்கப்புறம் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை. கட்டிலில் படுத்திருக்கிறார். இருந்தும் காலையில் அக்கா வந்து இன்றைக்கு ஒரு பெரிய லாரி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"அந்தச் சட்டைய அவங்க ஏன் துவைக்காம வச்சிருந்தாங்கன்னு தெரியுதா?" என்றாள்.

எனக்குத் தெரிந்தது. கோட்டின் மேல் பெட்டியை வைத்துவிட்டு வந்தேனா, நிமிர்த்தி வைத்தேனா என்றுகூட நினைவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. படத்துக்குத் தள்ளிக் காட்டிய அதே வயிறு.

"நாலாவது கேள்விய நான்தான வச்சேன். ஆள் தெரியாம துணியத் தொடமாட்டேன்னு நான்தான சொன்னேன். பதில் எழுதியிருக்காங்க. படிச்சுட்டுச் சிரிச்சிருக்கேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "துவைச்சிருக்கமாட்டாங்க. இல்ல? சரின்னு சும்மா சொல்லியிருப்பாங்க. கோவத்துல துவைக்காம விட்டிருப்பாங்க."

"விட்டிருப்பாங்க" என்றேன். அவர் சொல்தட்டாதவர் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தத் தொப்பைக் கட்டுரையை அன்றே அழித்தாள். உடனே வாசகர்கள் எங்கே அது, திருப்பிப் போடுங்கள், எங்கள் மாமியாருக்குக் காட்ட வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை. அக்காவுக்குத் தனியாகக் கடிதம் போட்டாள். 'அக்கா, அந்தச் சட்டையத் துவைக்காதீங்க' என்று ஒரே வரி. பதிலில்லை. மறுபடி போட்டாள். பதிலில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் விளிம்பில் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்து, பித்தான்களைத் தொட்டிக்குள் கொட்டிவிட்டு, அடியில் எழுதியிருந்த அனுப்பியவர் முகவரியைப் பார்த்தாள். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினோம்.

வழியெல்லாம் அவள் மடியில் வைத்த கைகளைப் பிசைந்துகொண்டே வந்தாள். என்னென்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சட்டை அப்படியே இருந்தால் பூஞ்சையை மட்டும் எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று நடுவில் சொன்னாள். ஈரம் படாமல், நிழலில் காற்றாட விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு புள்ளியாக. தானே உட்கார்ந்து செய்து கொடுப்பாளாம். கைப்பையில் பிரஷ் எடுத்து வந்திருந்தாள்.

அது ஒரு பட்டறை. கீழே ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பூட்டில் துரு. வாசல் சிமெண்டில் ஊறிப்போன எண்ணெய்த் திட்டுகள் மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தன. பக்கவாட்டில் மாடிக்கு ஒடுக்கமான படி. கதவைத் திறந்தவர் நாங்கள் மனதில் வைத்திருந்ததைவிட ரொம்பச் சின்ன உருவம். என்னைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

"தங்கச்சியா?" என்றார். பிறகு இவள் ஒரு வார்த்தை சொல்வதற்குள், "கையக் காட்டு. உரிஞ்சது சரியாச்சா?" என்று இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

பேருந்தில் ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று.

ஒரே அறை. கட்டில், அதன் மேல் மெத்தையில்லாமல் மடித்த போர்வை. ஒரு மேசை, அதில் போன் அணைந்து கிடந்தது. சுவரில் அடித்த கொக்கியில் ஒரு ஹாங்கரில் நீலச் சட்டை. எட்ட இருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. என் தொழில் அது. காலரை நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும் என்று நான் சொல்லி அவள் எழுதிய மாதிரியே தேய்த்திருந்தது.

"பாரு, ஒரு பொட்டு இல்ல" என்றார் அக்கா. "நீ சொன்னபடியேதான். வினிகர், வெந்நீர், வெயில். ரெண்டு தடவை துவைச்சேன். தம்பி, இஸ்திரி மட்டும் உங்க அளவுக்கு வராது, கோவிச்சுக்காதீங்க."

என் மனைவி சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். கறையைப் பார்க்கிற பழக்கத்தில் முதலில் முகத்தில் வைத்து முகர்ந்தாள். அப்படியே நின்றாள். எடுக்கவில்லை. அவள் தோள் குலுங்கியது. சோப்பு வாசனையையும் வெயில் வாசனையையும் தவிர அதில் எதுவும் இருந்திருக்காது. அவள் சொல்லிக்கொடுத்த வேலையில் எப்போதும் குறை இருந்ததில்லை.

"அக்கா, மாமா எப்போ?" என்றேன், யாராவது ஏதாவது பேச வேண்டுமே என்று.

"அது ஆச்சு. போன கோடையில." அக்கா நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "அங்க சொல்ல மனசு வரல தம்பி. அங்க வந்தா நான் கிரீஸ் அக்கா. அவரும் ஏதாவது வண்டிக்கு அடியில இருப்பாரு. அதையும் கெடுத்துக்குவானேன்னு விட்டுட்டேன்."

"ஏன்க்கா துவைச்சீங்க?" என் மனைவி முகத்திலிருந்து சட்டையை எடுத்துவிட்டாள். "நான் ஒரு முட்டாள். சிரிக்கிறதுக்காக எழுதினேன். நல்லா நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே என்னை. போடின்னு சொல்லியிருக்கலாமே."

"திட்டறதா? அந்தத் தொப்பையப் பாத்து நானே சிரிச்சேன். அவர் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு." அக்கா சட்டையை வாங்கித் தோள்பட்டையை நீவினார். "கடைசியா பட்டறைக்கு இறங்கின அன்னைக்குப் போட்டது. இத மட்டும் உனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்தேன். முகத்துல வச்சுக்கிட்டா ஆள் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். கிரீஸும் வேர்வையும் சிகரெட்டும். அப்புறம் பூஞ்சை பிடிச்சுது. அது தின்னுடுமோன்னு பயந்துதான் உன்னைக் கேட்டேன். பூஞ்சை போகணும், வாடை இருக்கணும். அத எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. உன் நாலு கேள்வியில அதுக்கு இடமில்ல."

"அப்போ ஏன்க்கா..."

"நீ எழுதினியே. வாடையே இல்லாம போற வரைக்கும் விடாதீங்கன்னு. நீ சொல்லி எனக்கு எதுவும் தப்பினதில்ல. எனக்கு அதுதான் நல்லதுன்னு தெரிஞ்சுதான் அப்படிச் சொல்றியோன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அவர் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம்.

என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். தொழில் அவளை விடவில்லை. "வேற ஏதாவது இருக்கும்க்கா. தொப்பி, கைத்துணி, உள்ளே போடற பனியன், தலையணை. தேடிப் பாக்கலாம் வாங்க. எங்கயாவது ஒண்ணு விட்டுப்போயிருக்கும்."

அக்கா அலமாரியைத் திறந்து காட்டினார். அடுக்கடுக்காகச் சட்டைகள், காக்கிக் கால்சட்டைகள், பனியன்கள், தலையணை உறைகள். ஒரு மெக்கானிக்கின் அலமாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். எல்லாம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி. கிரீஸ் பட்ட துணி ஒன்றில்லை. மருந்துக் கறை இல்லை, ரத்தம் இல்லை, பசை இல்லை. மெத்தையைக்கூட எங்கள் பேச்சைக் கேட்டு வாடை போக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார்.

"எல்லாம் உன் வைத்தியந்தான்" என்றார். அதைச் சொல்லும்போது அந்தப் பாவிக் குரலில் பெருமை இருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசல் படியில் போய் நின்று, கீழே சிமெண்டில் இருந்த எண்ணெய்த் திட்டுகளைப் பார்த்தபடி அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது இருவரும் கட்டில் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டை அக்காவின் மடியில் இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தங்கச்சி" என்றார் அக்கா. "அங்க எழுத வெக்கமா இருந்துது. எல்லாரும் இருக்காங்க. அதான் அந்தப் பக்கமே வரல. போன வாடை திரும்ப வர ஏதாவது வழி இருக்கா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். எத்தனை வருடமாக அவளோடு அந்தக் கடையில் நிற்கிறேன். எந்தத் துணியைக் காட்டினாலும், இது போகாது, எறிந்துவிடுங்கள் என்று மற்ற கடைக்காரர்கள் சொன்ன துணியைக் காட்டினாலும், கொஞ்சம் இருங்க, ஒரு வழி பார்க்கலாம் என்றுதான் சொல்வாள். அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே இருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள்.

அக்கா தலையாட்டினார். "சரி. உனக்கே தெரியலேன்னா இல்லைதான்." எழுந்துபோய் எங்களுக்கு டீக்குத் தண்ணீர் வைத்தார்.

இப்போதும் 'கறை போகும்' இருக்கிறது. பழைய சிரிப்பு இல்லை என்று கொஞ்சம் பேர் போய்விட்டார்கள். மச்சான் வருத்தப்படுகிறான். காலையில் நாங்கள் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே கிரீஸ் அக்கா வந்து புதியவர்களை உட்காரவைத்திருக்கிறார். அவர் மட்டும் மாறவில்லை. வண்டி லாரி என்று மட்டும் எதுவும் எழுதுவதில்லை.

கடையில் நான் நாள் முழுக்க நீராவியில் நின்று போட்டுக் கழற்றும் அரைக்கைச் சட்டை ஒன்று உண்டு. அது அந்தப் பயணத்திலிருந்து துவைக்காமலே கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வேர்வையில் விறைத்து, காலரில் கறுப்புக் கோடு விழுந்து, பக்கத்தில் போனால் எனக்கே மூக்கைப் பிடிக்கத் தோன்றுகிறது. சலவைக் கடையில் இப்படி ஒரு சட்டை தொங்குவதைப் பார்த்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நேற்று அதை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி ஆணியில் இருந்தது.

"அத ஏன் எடுத்து மாட்டினே? நாறுது" என்றேன்.

தொட்டியில் குனிந்து யாருடைய சட்டையையோ அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இருக்கட்டும்" என்றாள்.